மெழுகிய வாசலில் மூன்று விரல்

மேல்கணக்கு டிவிஷன்,
லிந்துலை.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

பாசம் மிகுந்த பூரணியின் அப்பாவுக்கு,

நாகலெட்சுமி எழுதுகிறேன். நானும் பூரணியும் சுகம். வெள்ளச்சியும் அவள் கன்றும் சுகம். காலையில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிக் கிடக்கிறது. அது ஒன்றுதான் சுகமில்லை. பாலைவனத்தில் ஆடு மேய்க்கிற உங்களுக்கு இதைப் படித்தாவது கொஞ்சம் குளிரட்டும்.

உங்கள் ஆட்டுப் பட்டியில் போன் வேலை செய்யாததால் வழக்கம்போல் தாளில் எழுதி, படம் பிடித்து, தண்ணீர் லொறி ஓட்டுகிற இல்யாஸ் நானாவின் போனுக்கு அனுப்புகிறேன். போன தடவை படம் மங்கலாக இருந்ததாம். பாதியை நானாவே ஊகித்துப் படித்துக் காட்டினாராம். வெள்ளச்சி கன்று போட்டதை வெள்ளம் வந்தது என்று படித்து உங்களைப் பயமுறுத்திவிட்டார். அதனால் இந்தத் தடவை பெரிய எழுத்தில் எழுதுகிறேன். தண்ணீர் லொறி நிற்கிற நேரத்துக்குள் நீங்களே படித்துவிடுங்கள்.

இப்போது செய்தி. உட்கார்ந்து படியுங்கள். முடிக்கும்வரை கோபப்படக் கூடாது.

பூரணி வீட்டில் இல்லை. பட்டிப்பொலவில் இருக்கிறாள். தைப்பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டுவிட்டாள். தோட்டங்களில் மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பயிற்சி நடக்கிறது. காட்டையும் காட்டில் இருக்கிற உயிர்களையும் பாதுகாக்கிற படிப்பு. படித்து முடித்தால் வேலைக்கும் வழி உண்டு. சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே தருகிறார்கள். கால்தடம் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். மரத்தில் கட்டிவிட்டால் தானாகவே படம் எடுக்கிற கேமராவைக் கையில் கொடுக்கிறார்கள். மாட்டுக்கு முதலுதவி, வரைபடம் பார்த்து மலை ஏறுவது, வருகிற வெளிநாட்டுக்காரரிடம் கூச்சமில்லாமல் பேசுவது எல்லாம் உண்டு. நம் பெண் இங்கிலீஷில் மரத்தின் பெயர் சொல்கிறாள். கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

முக்கியமாக எந்த மிருகத்தைப் பற்றிப் படிக்கிறாள் என்று கேட்பீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறுத்தைப்புலியைப் பற்றி. நம் மயிலிக் கிடாரியைத் தின்றதே, அதே புலியைப் பற்றித்தான்.

மார்கழியில் ஒரு காலை பால் ஊற்றப் போனபோது பால் எடுக்கிற கொட்டகையில் ஒரு பெண் நின்றிருந்தாள். காதில் சின்னத் தோடு, காலில் பெரிய சப்பாத்து. நிரூபா மிஸ் என்று பெயர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "உங்கட வீடுகளில ஏஎல் சோதனை எழுதி முடிச்ச பிள்ளையள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டு விஷயத்தைச் சொன்னாள். லயத்தில் நமக்குப் பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்காவின் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "புலி நம்ம மாட்டத் திங்கும். நம்ம புள்ளைங்க புலிக்குக் காவலா நிக்கணுமாக்கும்? நல்லாருக்கும்மா ஒங்க நாயம்!" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பால் கேனைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தது. பிறகு, "மாட்டைப் பற்றித் தெரியாத ஆக்கள் வந்து புலியைப் பற்றிச் சொன்னா நீங்கள் கேப்பீங்களோ அக்கா? அதுக்குத்தான் உங்கட பிள்ளையளைக் கேக்கிறன்" என்றது. ராக்காயி அக்கா வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். மயிலி கிடந்த கோலத்தை நீங்களும் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். தலைச்சன் கன்று போடவிருந்த கிடாரி. அது நின்றிருந்தால் இரண்டு மாட்டுப் பாலில் வீடு நகர்ந்திருக்கும். நீங்கள் கடல் தாண்டியிருக்க மாட்டீர்கள். இதையெல்லாம் சொல்லி அவளைத் தடுத்துப் பார்த்தேன். அவள் அடம்பிடிக்கவில்லை. "காடு நெறைய மானும் மரையும் இருக்கும்போது அது ஏம்மா மயிலியத் தேடி வந்துச்சு? ஒனக்குத் தெரிஞ்சுக்க வேணாமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. போ என்றுவிட்டேன். உங்களைக் கேட்கலாம் என்றால் அப்போது இல்யாஸ் நானா லீவில் ஊருக்கு வந்திருந்தார். இடமோ கொஞ்சம்தான் என்றார்கள்.

போன ஞாயிறு வந்துபோனாள். கூடப் படிக்கிற இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்து, பயிற்சி நிலையத்தில் கொடுத்த வலைக்கம்பியால் நம் மாட்டுப்பட்டியைச் சுற்றி அடைத்து, இரும்புச் சட்டம் போட்ட கதவும் வைத்துவிட்டாள். ராத்திரியில் இனி எந்த மாட்டையும் வெளியே கட்டக் கூடாதாம். என்னிடம் அதட்டிச் சொல்கிறாள், கங்காணி மாதிரி.

பங்குனியில் அவளுக்குப் பரீட்சை. பாதி எழுத்து. மற்றப் பாதிக்கு, தன் சொந்தத் தோட்டத்தில் புலி நடந்த தடத்தைக் கண்டுபிடித்து, அது எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று பரிசோதகரைக் கூட்டிவந்து நேரில் காட்ட வேண்டும். நன்றாகச் செய்கிற பிள்ளைக்கு நம் பக்கத்துத் தோட்டங்களிலேயே நிரந்தர வேலை தருவார்கள். கொழுந்துக் கூடையும் வேண்டாம், கொழும்புக் கடையும் வேண்டாம்.

உங்கள் அக்கா ஜீவராணி மதினிக்கு நீங்கள் கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. வைகாசியில் அவர் மகன் நிரஞ்சனுக்கும் பூரணிக்கும் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினீர்கள். மதினி வட்டவளையிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் மருமகள் எங்கே என்கிறார். படிக்கிறாள் என்கிறேன். என்ன படிப்பு என்று இன்னும் சொல்லவில்லை. பூரணி கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை கிடைத்தால் அதில் கொஞ்ச காலம் நின்ற பிறகு என்கிறாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். "அப்பா அங்க போய்க் கெடக்கிறதே அந்தப் புலியாலதான். அவரு சரின்னு சொல்லாம நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன்."

ஆக, பரீட்சை அவள் கையில். மற்றது உங்கள் கையில்.

தலையில் துண்டு போடாமல் வெயிலில் நிற்காதீர்கள். நல்ல வார்த்தையாக ஒன்று சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
நாகலெட்சுமி


லிந்துலை.
பங்குனி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பூரணியின் அப்பாவுக்கு,

உங்கள் குரல் பதிவு வந்தது. இல்யாஸ் நானா லொறியை ஓட்டிக்கொண்டே பிடித்தாரோ என்னவோ, பாதி இரைச்சல். முக்கியமான இடம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "புலிக்கு வேலக்காரியா இருக்கவா புள்ளயப் பெத்தேன்? வைகாசியில கல்யாணம், அம்புட்டுத்தான்." பூரணியும் கேட்டாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். கேட்டுவிட்டு அதே வாயால் அதையே திரும்பச் சொல்லுங்கள் பார்ப்போம். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். குளிரால் அல்ல, சந்தோசத்தால்.

பரீட்சைக்காக வீட்டுக்கு வந்த பூரணி நாள்தோறும் காலையில் தடம் தேடினாள். பீலிக்கரை, சவுக்கு மேடு, தேயிலைக் கன்று வளர்த்த பழைய தவறணைப் பக்கம் என்று எங்கும் அலைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. முந்தாநாள் நான் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து வேலைக்குப் போன பிறகு, நம் பட்டிக்குப் பக்கத்து வழியிலேயே, மழையில் ஊறிய மண்ணில் தடத்தைப் பார்த்திருக்கிறாள். ராத்திரி புலி வந்து பட்டியைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறது. போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஆனால் படம் போதாதாம். பரிசோதகர் தடத்தை நேரில் பார்க்க வேண்டும். அதில் சாந்து ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். நிரூபா மிஸ்ஸுக்குப் போன் எடுத்தாள். மறுநாள் காலை பரிசோதகரோடு வருவதாக மிஸ் சொன்னது. அதுவரை மழை அழித்துவிடக் கூடாதே என்று நல்ல தடங்களாகப் பார்த்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேசினைக் கவிழ்த்து வைத்தாள். எல்லாம் என் நல்ல பேசின்கள்.

இதில் எதுவும் எனக்குத் தெரியாது. நான் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது அவள் கேமராவைப் பார்க்க மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே, "அம்மா, காலையில மிஸ்ஸும் கொழும்பு ஐயாவும் நம்ம பட்டியப் பாக்க வாறாங்க!" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

நீங்களே சொல்லுங்கள். கொழும்பிலிருந்து ஆள் வந்து நம் மாட்டுப்பட்டியைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் ஒரு பொம்பிளை என்ன செய்வாள்? ராக்காயி அக்காவைக் கூப்பிட்டேன். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேசின் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள பேசின எங்க காயப் போட்டிருக்கு பாருடி" என்று திட்டிக்கொண்டே அத்தனையையும் எடுத்துப் பீலித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தாள். நான் கூட்டினேன். மண்வெட்டியால் மேடு பள்ளம் சரிசெய்தேன். பிறகு இரண்டு பேருமாகச் சாணியும் செம்மண்ணும் குழைத்து, பட்டி வாசலிலிருந்து தகரத் தாழ்வாரம் நீண்டிருக்கும் இடமெல்லாம் மெழுகினோம். கல்யாண வீட்டுக்குக்கூட நான் அப்படி மெழுகியதில்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. ராக்காயி அக்கா எட்ட நின்று பார்த்து, "இப்ப வரச் சொல்லு ஒன் கொழும்பானை" என்றாள்.

பூரணி இறங்கி வந்தாள். வாசலைப் பார்த்தாள். பீலியில் அடுக்கியிருந்த பேசின்களைப் பார்த்தாள். அப்படியே தண்ணீர்க் கானு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "பரவாயில்லம்மா, ஒனக்கு எப்படித் தெரியும்" என்றாள். விஷயம் புரிந்ததும் ராக்காயி அக்கா விளக்குமாற்றை எறிந்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மிஸ்ஸுக்குச் சொல்லி நிறுத்து என்றேன். "வரட்டும். நடந்ததச் சொல்லிருவேன்" என்றாள். சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

காலையில் பால் கறக்க வாளியும் கையுமாகப் போனேன். மறு கையில் கோலப்பொடிக் கிண்ணம். பட்டி வாசலை அடைந்து கால் வைக்கப் போனவள், தூக்கிய காலோடு அப்படியே நின்றேன்.

மெழுகிய தரையில் தடம்! ராத்திரி முழுக்க மூடுபனி இறங்கியதால் மெழுகியது காயாமல் பச்சையாகவே இருந்திருக்கிறது. அதன் மேல் அது நடந்திருக்கிறது. நேராக வந்து, கதவுக்கு முன்னால் நின்று, சுற்றிப் போய், திரும்பி வந்து நின்று, போயிருக்கிறது. மண்ணில் பதிந்த தடம் கலங்கலாகத் தெரியுமாம். இது அப்படி இல்லை. பணியார மாவில் விரலை அழுத்தியது போல ஒவ்வொரு விரலும் தனித்தனியே. அதோடு, பெரிய தடத்துக்குப் பின்னாலேயே சின்னச் சின்னத் தடங்கள். குட்டி! தாயும் குட்டியும்!

நான் போட்ட சத்தத்தில் லயமே எழுந்துவிட்டது. ராக்காயி அக்கா என்னவோ ஏதோ என்று விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். "அக்கா, அங்கயே நில்லு! ஒரு அடி வச்சே, கொன்னுருவேன்!" என்று கத்தினேன். அவளை அப்படிப் பேசியது வாழ்க்கையில் முதல் தடவை. அவளும் நட்டுவைத்த மரம் மாதிரி நின்றாள். பூரணி வந்து பார்த்தாள். சிரித்தாளா அழுதாளா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. என் கையிலிருந்த கோலப்பொடியை வாங்கி, யாரும் மிதிக்காமலிருக்க ஒவ்வொரு தடத்தையும் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

உள்ளே வெள்ளச்சி பால் கட்டிப்போய்க் கத்துகிறாள். வாசல் வழியே போக முடியாது. பால் வண்டி கோர்ன் அடிக்கிறது. கடைசியில் பட்டியின் பின்பக்கத்துப் பலகையைக் கழற்றி ராக்காயி அக்காவை உள்ளே தள்ளினோம். அவளுடைய உடம்புக்கு அந்த ஓட்டை போதுமா? பாதியில் மாட்டிக்கொண்டாள். "புலிக்குக் காவலான்னு சிரிச்சேன்ல, எனக்கு இது வேணும்" என்று உள்ளே பாதி வெளியே பாதியாகப் புலம்புகிறாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எப்படியோ கறந்துவிட்டாள்.

நிரூபா மிஸ்ஸும் செனவிரத்ன மாத்தயாவும் வந்தார்கள். அவர்தான் பரிசோதகர். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனுசன். குனிந்து பார்த்தவர் எழுந்திருக்கவே இல்லை. இத்தனை நல்ல தடத்தை எப்படிப் பாதுகாத்தாய் என்று கேட்டார். ஆமாம், நான்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தான் கண்டுபிடித்த தடம் அழிந்துபோனதையும், அம்மா மெழுகியதில் இது தானாக விழுந்ததையும் சிங்களத்தில் ஒன்று விடாமல் சொன்னாள். நான் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மிஸ் என் கையைப் பிடித்து, "அம்மா, வெக்கப்படாதேங்கோ. வெளியில வாங்கோ" என்று இழுத்து வந்து நிறுத்தியது. மாத்தயா என்னைப் பார்த்து, "நாளைக்கும் இப்படி மெழுகுங்க" என்றார் தமிழில்.

பிறகு பூரணி விளக்கினாள். அவள் விளக்கியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பெரிய தடங்களில் ஒன்றைக் காட்டினாள். இடது முன்னங்கால். மற்றக் கால்களில் நான்கு விரல்; அதில் மூன்றுதான். ஒரு விரல் இருந்த இடம் வெறுமையாக, ஓரத்தில் ஒரு கீறல். கம்பிச் சுருக்கில் மாட்டி, இழுத்து அறுத்துக்கொண்டு தப்பிய கால் என்றாள். அந்தக் காலோடு அதனால் மரையைத் துரத்திப் பிடிக்க முடியாது, பன்றியோடு மல்லுக்கு நிற்க முடியாது, ஆனால் குட்டிக்குக் கொடுக்க வேண்டும், அதனால்தான் கட்டிப்போட்ட மாட்டைத் தேடி வருகிறது என்றாள். மயிலி செத்த இடத்திலும் அன்று ஒரு தடம் இப்படி இருந்ததாகவும், அப்போது தனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றும் சொன்னாள். கதவு பூட்டியிருந்ததால் வெள்ளச்சி பிழைத்தாள் என்று கதவைச் சுட்டிக் காட்டினாள்.

சுருக்கை யார் வைத்தது என்று மாத்தயா கேட்டார். நம் வீடுகளில் கொல்லைக்குப் பன்றி வராமலிருக்கக் கம்பி கட்டுவது வழக்கம்தானே. பூரணி, "நாங்க எல்லாரும்தான் சார்" என்றாள்.

நான் அப்போது பட்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவு சித்திரையில் தெரியும். தடத்தின் படத்தையும் இதோடு அனுப்புகிறேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

சந்தோசத்தோடு,
உங்கள் நாகலெட்சுமி


லிந்துலை.
சித்திரை, ஞாயிற்றுக்கிழமை

என் உயிருக்கு உயிரான பூரணியின் அப்பாவுக்கு,

பாஸ்! நம் பிள்ளை பாஸ். வேலையும் கிடைத்துவிட்டது. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாகப் படியுங்கள்.

தலவாக்கலையில் ஒரு மண்டபத்தில் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் உங்கள் அக்கா எடுத்துக் கொடுத்த நீலச் சேலை கட்டிப் போனேன். ராக்காயி அக்கா, தான் இல்லாமல் எப்படிக் கொடுப்பார்கள் என்று எனக்கு முன்னாலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெயர் கூப்பிடும்போது, "யோகேஸ்வரன் பூரணி" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் முதலில் கேட்டது உங்கள் பெயர். அங்கே ஆடுகளுக்கு நடுவில் நின்ற உங்களுக்கு அப்போது விக்கல் எடுத்திருக்குமே?

வட்டவளையிலிருந்து ஜீவராணி மதினியும் நிரஞ்சனும் வந்திருந்தார்கள். யாரோ பேஸ்புக்கில் போட்ட படத்தைப் பார்த்து மதினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். பூரணி ஓடிப்போய் காலில் விழுந்ததும் பாதி இறங்கியது. நிரஞ்சன் என்னிடம் தனியாக வந்து, "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல அத்தை. மாமா வந்து நிக்காம எனக்கு என்ன கல்யாணம்? அதோட, புலி குறுக்க வந்தா ஒங்க மக என்னய முன்னால தள்ளிவிட்டுட்டு நின்னு போட்டோ எடுப்பா. அதுக்கு மனசத் தேத்திக்க எனக்கும் நாள் வேணும்" என்றான். கேட்டுக்கொண்டிருந்த மதினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில், "என்னமோ, எந்தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்று உங்கள் பக்கமே தள்ளிவிட்டார்.

இன்னொரு கூத்து. அந்த மெழுகிய தரை இப்போது பாடமாகிவிட்டது. மாடு இருக்கிற வீடுகளில் பட்டிக்கு முன்னால் ஒரு பட்டை மெழுகி வைத்து, காலையில் தடம் பார்க்கிறார்கள். அதைக் காட்டிக் கொடுக்க என்னைப் பட்டிப்பொலவுக்குக் கூட்டிப் போனார்கள். எனக்கு வெட்கத்தில் வாய் வரவில்லை. கை மட்டும் வேலை செய்தது. நிரூபா மிஸ் முழங்கை வரைக்கும் சாணியோடு உட்கார்ந்து, "எங்கட அம்மா பாத்தா நம்பமாட்டா" என்று சிரித்தது. தண்ணீர் அதிகமானால் வெடிக்கும் என்று அதட்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா? ராக்காயி அக்கா. அவள்தான் தலைமை வாத்தியார் மாதிரி நின்றாள்.

பூரணி லயம் லயமாகப் போய்ச் சுருக்குக் கம்பி கேட்கிறாள். கம்பிக்குப் பதிலாகக் கொல்லையை அடைக்க வலை வாங்கித் தருகிறார்கள். சிலர் கொடுக்கிறார்கள், சிலர் ஏசுகிறார்கள். நம் பட்டிக் கூரையில் செருகியிருந்த சுருளை நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் அதன் முடிச்சைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயதில் நீங்கள் ஊஞ்சல் கட்டிக் கொடுத்த அதே முடிச்சு. பிறகு மற்றக் கம்பிகளோடு சேர்த்துச் சாக்கில் போட்டுவிட்டாள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் அதைப் பற்றி எழுத வேண்டாம். சாக்கு போய்விட்டது.

நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் இல்யாஸ் நானா சொன்னார். "தங்கச்சி, யோகேஸ் அந்தப் படத்தப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாரு. பொறகு தன்ட உள்ளங்கையை அதுக்கு மேல வெச்சிப் பாத்தாரு. பட்டிக் கதவு உள்ளுக்குத் தொறக்குதா வெளிய தொறக்குதா எண்டு மட்டும் கேக்கச் சொன்னாரு" என்றார். அதை நான் பூரணியிடம் சொன்னேன். அவள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கதவு வெளியே திறக்கிறது என்று உங்களுக்குச் சொல்லச் சொன்னாள். வெளியிலிருந்து எது தள்ளினாலும் சட்டத்தோடு இன்னும் இறுகுமே தவிரத் திறக்காதாம். அவளுக்கு அது போதுமான பதிலாக இருக்கிறது போலும். எனக்குப் போதாது. வேலைக் கடிதம் சாமிப் படத்துக்குக் கீழே இருக்கிறது. அடுத்த தண்ணீர் லொறி வந்துபோன பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று வைத்திருக்கிறாள். நீங்கள் சரி என்று சொல்கிற குரலை அவள் காதால் கேட்க வேண்டும். நீளமாக வேண்டாம். லொறி இரைச்சலில் தொலையாத அளவுக்கு ஒரு வார்த்தை.

இனி எனக்காக ஒன்று. ஆவணியில் உங்கள் தவணை முடிகிறது. இன்னொரு தவணைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று போன மாதம் சொன்னீர்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம். வெள்ளச்சியின் கன்று கிடாரிதான். நன்றாக வளர்கிறது. பட்டிக்குக் கதவு இருக்கிறது. அந்த மூன்று விரல்காரி இப்போது மாட்டுப் பக்கம் வருவதில்லை. சவுக்கு மேட்டுக் கேமராவில் குட்டியோடு போகிற படம் விழுந்திருக்கிறது. குட்டி கொழுகொழுவென்று இருக்கிறதாம். நொண்டிக்கொண்டாவது அது தன் பிள்ளையை வளர்க்கிறது. அதன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. உங்களுக்கும் இருக்கக் கூடாது. யார் மேலும், உங்கள் மேலும்.

மேட்டு முனியாண்டி உங்களையும் அங்கேயுள்ள ஆடுகளையும் ஒரு குறையில்லாமல் காக்கட்டும். நீங்கள் வருகிற நாளை முன்கூட்டியே சொல்லுங்கள். அன்று வாசலை நன்றாக மெழுகி, ஈரம் காயாமல் வைத்திருப்பேன். அதன் மேல் முதலில் நடப்பது நீங்களாக இருக்க வேண்டும். ராக்காயி அக்காவை நான் பிடித்துக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும்,
நாகலெட்சுமி